அறிவியல் குறுக்கெழுத்து: பாடநூல் வரைவிலக்கணமே குறிப்பாக அமையலாமா?

உவர்மலை ஆசிரியை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் விஞ்ஞானம் படிக்கும் எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு குறுக்கெழுத்துத் தொடரைத் தயாரிக்க விரும்புகிறேன். ஒவ்வொரு கட்டமும் ஒரு தாளில் அடங்க வேண்டும். வகுப்பறைச் சுவரிலும் வாசிகசாலை அறிவித்தற் பலகையிலும் ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் வகையில் பொறியியற் சொற்களையும் சேர்க்க எண்ணியிருக்கிறேன்.

இதுவரை என் கைக்கு வந்த விஞ்ஞானக் குறுக்கெழுத்துகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பாடநூலின் வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்துக் குறிப்பாக வைத்துவிடுகிறார்கள். "பொருளொன்றின் ஓரலகுக் கனவளவின் திணிவு (5)" என்று கேட்டால், மனனம் செய்த பிள்ளை "அடர்த்தி" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மனனம் செய்யாத பிள்ளை எவ்வளவு நேரம் இருந்து யோசித்தாலும் அந்த யோசனையால் அதற்குப் பயன் எதுவும் கிடைக்காது. விடை தெரியாதவரும் யோசித்து, கடக்கும் எழுத்துகளின் துணையோடு விடையைப் பிடிக்கலாம் என்பதுதான் குறுக்கெழுத்தின் உயிர். அதனால் பொருள் வேலை செய்யும் விதத்திலிருந்து குறிப்பு பிறக்க வேண்டும் என்றும், இயலுமான இடங்களில் பிள்ளைகள் நாளாந்தம் காணும் திருகோணமலையிலிருந்தே அது வரவேண்டும் என்றும் கருதுகிறேன்.

மாதிரிக்கு ஒன்று: "மகாவலியின் முகத்துவாரத்தில் மிதந்த தோணி ஆழ்கடலுக்குப் போனதும் சற்று மேலெழுகிறது, நீரில் எது கூடியது? (5)". விடை அதே அடர்த்திதான். இந்த வழி சரிவருமா என்றும், தமிழெழுத்துகளைக் கொண்டு கட்டம் அமைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெரியகடை வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஞாயிறு பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் போட்டிகளை இளவயது முதல் நிரப்பி வருபவன் என்ற முறையில், கட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

லிவர்பூலில் பிறந்த ஆதர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று "நியூயோர்க் வேர்ல்ட்" பத்திரிகையில் வெளியிட்ட வைர வடிவப் புதிரைத்தான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அவருடைய மொழிக்கு 26 எழுத்துகள். எந்த எழுத்தும் சொல்லின் எந்த இடத்திலும் வரலாம். நமக்கோ 247 எழுத்துகள் உண்டு; அவற்றுள் உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும், புள்ளி வைத்த மெய்யெழுத்து சொல்லின் முதலில் வரவே வராது. ஆங்கிலக் கட்டத்தைப் பார்த்து அதே அடர்த்தியில் தமிழ்க் கட்டம் போட முனைபவர்கள் பாதி வழியில் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

விஞ்ஞானச் சொற்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாக உண்டு. அமுக்கம், வெப்பம், உந்தம், தூண்டல், ஆவியாதல் என்று பெரும்பாலானவை புள்ளியெழுத்தில் முடிகின்றன. அந்தக் கடைசிப் பெட்டியிலிருந்து வேறு சொல் எதுவும் தொடங்க முடியாது. அதைக் கடக்கும் சொல்லுக்கு அந்தப் புள்ளியெழுத்து நடுவிலோ இறுதியிலோ இருந்தாக வேண்டும். இடமிருந்து வலமாக "அமுக்கம்" என்று எழுதினால், அதன் "ம்" வழியாக மேலிருந்து கீழாக "நெம்பு" செல்லலாம். அல்லது "வெப்பம்" மேலிருந்து இறங்கி அதே "ம்" இல் முடியலாம். "ஆவியாதல்" என்பதன் "ல்" இல் "வில்லை" நன்றாகப் பொருந்தும்.

பத்திரிகைகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தன. வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் சொற்களை அமைத்தார்கள். அதுவும் போதாத இடத்தில் குறிப்பின் பின்னால் "குழம்பியுள்ளது", "திரும்பியுள்ளது" என்று சேர்த்தார்கள். பொழுதுபோக்குக்கு அது ஏற்றதே, நானும் அதில் பல ஞாயிறுகளை மகிழ்ச்சியாகக் கழித்திருக்கிறேன். ஆனால் ஒரு கலைச்சொல்லை முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளையின் கண்ணில் அது குழம்பிய வடிவில் படக்கூடாது. இந்தத் தொடரில் இரண்டு திசைகளே இருக்கட்டும். எழுத்துகள் ஒழுங்காகவே நிற்கட்டும். அதற்காகக் கட்டத்தில் கறுப்புப் பெட்டிகள் கூடினாலும் பரவாயில்லை.

நமது எழுத்தில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. 26 எழுத்துகளில் ஒன்று தெரிந்தால் கிடைக்கும் துப்பைவிட, 247 எழுத்துகளில் ஒன்று தெரிந்தால் கிடைக்கும் துப்பு எவ்வளவோ பெரிது. ஒரு பெட்டியில் "ணி" விழுந்துவிட்டால் எஞ்சும் சொற்கள் மிகச் சிலவே. ஆகவே நாலைந்து எழுத்துள்ள சொல்லுக்குக் கடவை (வேறு சொல் கடக்கும் பெட்டி) ஒன்றோ இரண்டோ இருந்தாலே போதும், குறிப்பைச் சற்றுக் கடினமாக வைக்கலாம்.

சீனக்குடாப் பொறியியலாளர் எழுதியது:

ஆசிரியையின் நோக்கத்தை முழுமனதோடு வரவேற்கிறேன். தோணிக் குறிப்பைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நாளைக்கு அதை நேரிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியவர்கள்.

நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறக்குறைய 1000 கிலோகிராம்; கடல்நீருக்கு ஏறக்குறைய 1025. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரை மட்டுமே. அரை மீற்றர் அமிழ்ந்து மிதக்கும் தோணி கடலுக்கு வந்ததும் மேலெழுவது ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும். அலை அடிக்கும் இடத்தில் அதை எவரும் காண மாட்டார்கள். பத்து மீற்றர் அமிழும் சரக்குக் கப்பலுக்கு அது கால் மீற்றர் வரை வரும். கப்பற்காரர்கள் இதைக் கணக்கில் எடுத்தே சரக்கேற்றுகிறார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பக்கத்தில், நடுப்பகுதியில், வட்டமும் அதனருகே ஏணிப்படி போன்ற சிறு கோடுகளும் தீட்டப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவற்றுள் நன்னீருக்குரிய கோடு கடல்நீருக்குரிய கோட்டுக்கு மேலே இருக்கும்: நன்னீரில் கப்பல் அவ்வளவு கூடுதலாக அமிழலாம், கடலுக்கு வந்ததும் தானாக உயர்ந்துவிடும்.

இன்னொன்று, நிறைந்த சரக்குக் கப்பல் எதுவும் மகாவலியின் முகத்துவாரத்துக்குள் வர முடியாது. வழியில் எரிபொருள் எரிவதாலும் கப்பல் இலேசாகி உயரும் என்பதால், அந்தக் காரணத்தையும் குறிப்பு விலக்க வேண்டும். என் முன்மொழிவு இது: "ஆற்றுத் துறைமுகத்தை விட்டுக் கடலுக்கு வந்த கப்பல், சுமை குறையாமலே சற்று மேலெழுகிறது, நீரின் எந்தப் பண்பு கூடியது? (5)".

மூதூர் மாணவன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கும் ஐயாமாருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். இந்தக் குறிப்புக்கு "உவர்ப்பு" என்று ஒருவர் எழுதினால் அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஐந்து எழுத்து. கடலுக்கு வந்ததும் நீரில் உவர்ப்பும் கூடத்தானே செய்கிறது?

பெரியகடை வாசகர் எழுதியது:

தம்பி கேட்டது மிகச் சரியான கேள்வி. இரண்டு சொற்களையும் பெட்டிகளில் எழுதிப் பாருங்கள்: அ-ட-ர்-த்-தி, உ-வ-ர்-ப்-பு. மூன்றாம் பெட்டி இரண்டிலும் "ர்". கட்டம் அமைப்பவர் அறியாமல் மூன்றாம் பெட்டியில் மட்டும் கடவை வைத்துவிட்டால், "உவர்ப்பு" என்று எழுதிய பிள்ளைக்குத் தன் விடை பொருந்தவில்லை என்று உணர வழியே இராது.

ஆகவே இச்சொல்லை ஐந்தாம் பெட்டியில் கடக்க வேண்டும். "தி" என்ற அந்தப் பெட்டியிலிருந்து மேலிருந்து கீழாகத் "திணிவு" தொடங்கட்டும். திணிவு தெரிந்த பிள்ளைக்கு "தி" கிடைக்கும். உவர்ப்பு அங்கே நில்லாது. அப்போதுதான், உவர்ப்பு கூடியதால் நீருக்கு என்ன நேர்ந்தது, அதனால் கப்பல் ஏன் உயர்ந்தது என்ற அடுத்த கேள்விக்கு அந்தப் பிள்ளை போகும். திணிவும் அடர்த்தியும் ஒரே பெட்டியில் சந்திப்பதும் பாடத்துக்குப் பொருத்தமே.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டு நூல்களையும் காணொளிகளையும் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் இப்போது பலர். நாம் அமுக்கம் என்பதை அங்கே அழுத்தம் என்பார்கள். இரண்டுக்கும் ஐந்து பெட்டிகள், இரண்டுக்கும் முதற் பெட்டி "அ", கடைசிப் பெட்டி "ம்". முதலிலும் கடைசியிலும் மட்டும் கடவை வைத்த கட்டத்தில் இரண்டுமே சரியாக உட்கார்ந்துவிடும். இத்தகைய சொற்களுக்கு இரண்டாம், மூன்றாம் அல்லது நான்காம் பெட்டியில் ஒரு கடவை கட்டாயம் வேண்டும்.

நிலாவெளி நிரலாளர் எழுதியது:

கட்டத்தைக் கணினியில் அமைக்க எண்ணுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஆங்கிலத்துக்கென எழுதிய இலவச மென்பொருள்களில் தமிழ்ச் சொல்லை இட்டால் பெட்டிகளின் எண்ணிக்கை பிழைத்துவிடும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் "தி" என்பது "த" என்ற குறியும் இகரக் குறியும் தனித்தனியாகச் சேர்ந்தது. "ம்" என்பது மகரமும் புள்ளியும் சேர்ந்தது. அதனால் "திணிவு" என்ற மூன்றெழுத்துச் சொல்லை ஆறு என்றும், "அமுக்கம்" என்ற ஐந்தெழுத்துச் சொல்லை எட்டு என்றும் அந்த மென்பொருள் எண்ணும். சார்புக்குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து ஒரு பெட்டியாகக் கொள்ளும் சிறு நிரலை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அது கடினமான வேலையன்று.

அதைவிட மறைவான பிழை ஒன்று "கொதிநிலை" போன்ற சொற்களில் இருக்கிறது. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் விடையைச் சரிபார்க்கும் நிரல் இரண்டையும் வெவ்வேறாகக் கருதி, சரியாக எழுதிய பிள்ளைக்குப் பிழை என்று காட்டிவிடும். சரியான விடைக்குப் பிழைக் குறி பெறும் பிள்ளை மறுபடி அந்தப் பக்கம் வராது. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும் வசதி பெரும்பாலான நிரல்மொழிகளில் உண்டு, அதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும். தாளில் அச்சிடுவதானால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆகவே முதற் கட்டங்களைத் தாளிலேயே வெளியிடுவது நல்லது.

புல்மோட்டை ஆய்வுகூட உதவியாளர் எழுதியது:

எங்கள் பக்கத்துக் கனிய மணலை விட்டுவிட்டுத் திருகோணமலை மாவட்டத்தின் விஞ்ஞானக் குறுக்கெழுத்து அமைய முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன. சாதாரண வெண்மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் நீரைப் போல 2.65 மடங்கு அடர்த்தியானது. இம்மூன்றும் நான்கு மடங்குக்கு மேற்பட்டவை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலை மணலை வாரி மேலே எறிந்துவிட்டுத் திரும்பும்போது இலேசான மணிகளை இழுத்துச் செல்ல, பாரமானவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. ஆசிரியை கேட்ட அதே அடர்த்தி இங்கே கரிய படையாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

பிரித்தெடுக்கும் முறையிலும் குறிப்புகள் நிறைய உண்டு. இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும், மற்ற இரண்டையும் இழுக்காது. உரூத்தைலையும் சேர்க்கனையும் மின்னால் பிரிப்பார்கள்: ஒன்று மின்னைக் கடத்தும், மற்றது கடத்தாது. ஆனால் "காந்தம் இழுக்கும் புல்மோட்டை மணல்" என்று மொட்டையாகக் குறிப்பு எழுதக் கூடாது. வீட்டுக் காந்தமொன்றைப் பொலித்தீன் பைக்குள் இட்டுக் கருமணல் மேல் நகர்த்தினால் மயிர்க்கூச்செறிந்ததுபோல் மணிகள் எழுந்து நிற்கும். அவற்றுள் பெரும்பாலானவை மாக்னடைற்று என்ற வேறொரு கனியம். இல்மனைற்றின் காந்த இயல்பு மெலிந்தது. தொழிற்சாலையிலுள்ள வலிய காந்தப்புலமே அதை இழுக்கும். ஆகவே: "இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கருமணி, கைக்காந்தத்துக்கு எளிதில் மசியாது, ஆலைக் காந்தத்துக்கு மசியும் (6)". விடை இ-ல்-ம-னை-ற்-று.

இன்னொன்று: "கருமணலில் பிறந்து வெண்பூச்சில் முடியும் உலோகம் (6)". விடை தைத்தானியம். வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பூச்சுக்கு நிறம் தருவது இந்த உலோகத்தின் ஈரொட்சைட்டு. 1791 இல் வில்லியம் கிரெகர் என்பவர் இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியில் இதை முதன்முதலாக இனங்கண்டதும் ஒரு கருமணலில்தான்.

சாம்பல்தீவு அம்மா எழுதியது:

நான் விஞ்ஞானம் படித்தவளல்ல. மகள் பத்தாம் ஆண்டில் படிக்கிறாள். இரவில் அவளோடு இருந்து குறுக்கெழுத்து நிரப்புவது எனக்கும் விருப்பம். நீங்கள் எழுதிய குறிப்புகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தைத்தானியக் குறிப்பு அவளுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. ஆனால் எல்லாக் குறிப்புகளும் இப்படி ஆழமாகவே இருந்தால், தனியார் வகுப்புக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் ஒரு பெட்டியைக்கூட நிரப்பாமல் தாளை மடித்து வைத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் கால் வைக்க ஓர் இடம் வேண்டும். ஆசிரியை குறை சொன்ன அந்த நேரடிக் குறிப்புகளிலும் சிலவற்றை வைத்திருங்கள். அவை தரும் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றுக்குப் பிள்ளைகள் ஏறட்டும்.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கட்டத்தின் நான்கு மூலைகளிலும் தலா ஒரு நேரடிக் குறிப்பாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். திணிவு, வில்லை, கடத்தி போன்ற அடிப்படைச் சொற்களுக்கு அது பொருந்தும்; ஒரு மூலையில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளைக்கு இன்னொரு மூலையிலிருந்து தொடங்க வழி இருக்கும்.

சீனக்குடாப் பொறியியலாளர் எழுதியது:

பொறியியற் பக்கத்துக்கு ஒரு சொல். சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. உருக்குத் தகட்டால் ஆன இத்தகைய அமைப்புகளுக்குக் கடற்காற்றிலுள்ள உப்புப் பெரும் பகை. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும். உப்புக் கரைந்த ஈரப்படலம் மின்னை எளிதில் கடத்துவதால் அந்தத் தாக்கம் விரைவுபடுகிறது. "துரு" என்று கேட்பதைவிட, துருவைத் தடுக்கும் வழியைக் கேட்பதே பொறியியலுக்கு ஏற்றது.

"உருக்கைக் காக்கத் தன்னை இழக்கும் உலோகம், கப்பலின் அடியில் கட்டியாகவும் கூரைத் தகட்டில் பூச்சாகவும் இருக்கும் (3)". விடை நாகம். இரும்பைவிட நாகம் இலகுவாக இலத்திரனை இழக்கும் இயல்புடையது. இரண்டும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் இருக்கும்போது நாகமே முதலில் கரையும், அது தீரும்வரை உருக்குக்குச் சேதமில்லை. துறைமுகத்தில் கப்பலைத் தரையேற்றும்போது இந்தக் கட்டிகள் பாதி கரைந்து குழி விழுந்த நிலையில் இருப்பதைக் காணலாம். துத்தநாகம் என்று பழகியவர் ஆறு பெட்டி தேடுவார். எண்ணிக்கை மூன்று என்று கண்டதும் எங்கள் பாடநூற் சொல் நினைவுக்கு வந்துவிடும்.

அலைகளைப் பற்றிய பாடத்துக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், ஆனால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. "ஆழ்கடலில் கப்பலுக்கும் தெரியாமல் விமானத்தின் கதியில் செல்லும்; ஆழம் குறையக் குறையக் கதி குறைந்து உயரம் கூடும் (6)". விடை ஆ-ழி-ப்-பே-ர-லை. இந்த அலையின் கதி, நீரின் ஆழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். 4000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர் அளவுதான். முன்னே செல்லும் நீர் தாமதிக்க, பின்னால் வருவது வந்து சேர்ந்து உயர்கிறது.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

குறிப்பு மிக நன்றாக இருக்கிறது. தயக்கம் எனக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஆறாத புண். விளையாட்டாக நிரப்பும் கட்டத்தில் அந்தச் சொல் திடீரென்று எதிர்ப்படுவது சில வீடுகளில் வேதனையைத் தரக்கூடும்.

சாம்பல்தீவு அம்மா எழுதியது:

ஆசிரியை, நான் கடற்கரை ஊரில் இருப்பவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம். அன்றைக்குக் கடல் வழமைக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்டு, அதன் பொருள் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பல கரைகளில் இருந்தார்கள். என் மகளுக்கு அந்தச் சொல்லோடு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். ஐயாவின் குறிப்போடு இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: "கடல் திடீரென்று பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது இதனால்தான்". அதைப் படிக்கும் எந்த வீட்டிலும் மனம் நோகாது.

சீனக்குடாப் பொறியியலாளர் எழுதியது:

நன்றி அம்மா. அந்த வரியையே முதலில் வைத்து, கதியைப் பற்றியதைப் பின்னால் சேர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கடல் பின்வாங்கித்தான் அலை வரும் என்பதில்லை. ஆகவே "பின்வாங்கினால்" என்று நீங்கள் எழுதிய சொல்லே சரியானது, அதை மாற்றாமல் வைத்துக்கொள்வோம்.

மூதூர் மாணவன் எழுதியது:

நானும் ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வைத்து எழுதியது. எங்கள் ஊரில் பலர் அவை எரிமலையால் சூடாகின்றன என்று சொல்வார்கள். எங்கள் நாட்டில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை என்று பாடத்தில் படித்தேன். அதனால் இப்படி எழுதினேன்: "எரிமலை இல்லாத நாட்டிலும் கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு அடுப்பு மூட்டுவது (6)". விடை பு-வி-வெ-ப்-ப-ம். இது சரியா?

புல்மோட்டை ஆய்வுகூட உதவியாளர் எழுதியது:

விடை சரி, தம்பி. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கண்டத்து மேலோட்டில் பொதுவாகக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பநிலை கூடுவதால் நீர் அங்கே சூடேறி, வேறொரு பிளவின் வழியே ஆறுவதற்கு முன் மேலே வந்துவிடுகிறது. "அடுப்பு மூட்டுவது" என்பது தீ எரிவதைப் போன்ற எண்ணத்தைத் தரும். நீங்கள் மறுக்க நினைக்கும் எரிமலையை அது பின்வாசலால் கூட்டிவந்துவிடும். "எரிமலை இல்லாத நாட்டில் கன்னியாவின் ஏழு கிணறுகளைச் சுடவைப்பது, ஆழம் கூட இது கூடும் (6)" என்று எழுதினால் காரணமும் குறிப்புக்குள் வந்துவிடும்.

பெரியகடை வாசகர் எழுதியது:

குறிப்புகள் சேர்ந்துவிட்டன, கட்டத்தைத் தொடங்குவோம். அடர்த்தி முதல் வரிசையில், முதல் ஐந்து பெட்டிகளில் இருக்கட்டும். ஐந்தாம் நிரலில் (மேலிருந்து கீழான பெட்டி வரிசையில்) திணிவு கீழே இறங்குகிறது. அதன் கடைசி எழுத்தான "வு" மூன்றாம் வரிசையில் நிற்கும். அந்த "வு" இல் முடியும் நான்கெழுத்துச் சொல் ஒன்று இடமிருந்து வலமாக வேண்டும். தம்பி, நீங்களே சொல்லுங்கள்.

மூதூர் மாணவன் எழுதியது:

உராய்வு. உ-ரா-ய்-வு. குறிப்பு: "இது இல்லாவிட்டால் நடக்க இயலாது, இது மிகுந்தால் இயந்திரம் சூடாகும் (4)". இரண்டாம் நிரலில் "உ" விழுகிறது. உயிரெழுத்து என்பதால் அங்கிருந்து ஒரு சொல் தொடங்கத்தான் முடியும் என்று ஐயா முன்பு எழுதியதை வைத்து, கீழ்நோக்கி "உந்தம்" என்று போட்டேன். "ஒரே கதியில் வந்தாலும் துவிச்சக்கரவண்டியைவிடப் பேருந்தை நிறுத்துவது கடினம்; எது கூடியதால்? (4)". திணிவு என்று எழுத முடியாது, ஏனென்றால் அது மூன்றெழுத்து.

பெரியகடை வாசகர் எழுதியது:

மிக நன்று. உந்தம் ஆறாம் வரிசையில் "ம்" இல் முடிகிறது. அதன் வழியே "நெம்பு" இடமிருந்து வலமாகச் செல்லும். குறிப்பை நான் தருகிறேன்: "துலாக் கிணற்றில் நீர் அள்ளிய பாட்டனார் பயன்படுத்திய எளிய பொறி (3)". நெம்பின் "பு" மூன்றாம் நிரலில் நிற்கிறது. அங்கிருந்து தம்பியின் புவிவெப்பம் கீழே இறங்கி, பதினோராம் வரிசையில் "ம்" இல் முடியும். பொறியியலாளர் ஐயாவின் நாகம் இடமிருந்து வந்து அதே "ம்" இல் முடியட்டும். எல்லாச் சொற்களும் நேராகவே நிற்கின்றன, குழம்பியது ஒன்றுமில்லை.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

கட்டத்தின் இடப்பக்கம் இத்துடன் அமைந்துவிட்டது. புவிவெப்பத்தின் "வி" இலிருந்து வலப்பக்கமாக "வில்லை" தொடங்கலாம். அதற்கு நேரடிக் குறிப்பு ஒன்றை வைக்கிறேன், சாம்பல்தீவு அம்மா கேட்ட முதற்படிகளுள் அது ஒன்றாகும். இல்மனைற்று, தைத்தானியம், ஆழிப்பேரலை ஆகிய மூன்றும் ஆறெழுத்துச் சொற்கள் என்பதால் அவற்றை வலப்பக்கத்தில் ஒன்றோடொன்று இணைக்க இடையே சிறிய சொற்கள் தேவைப்படுகின்றன. "லை" இல் தொடங்கும் தமிழ்ச்சொல் கிடையாது என்பதால் ஆழிப்பேரலையின் இறுதிப் பெட்டியில் முடியும் சொல்லே வேண்டும். "கொதிநிலை" அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மீதியை இணைக்கக்கூடிய நாலெழுத்துக்கு மேற்படாத சொற்களைக் குறிப்போடு இங்கே எழுதி உதவுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் வேறு விடை பொருந்துமா என்று மூதூர்த் தம்பி ஒருமுறை பார்த்துச் சொன்ன பின்னரே தாளை அச்சுக்குக் கொடுப்பேன்.